கல்குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம்: ஊர் மக்கள் சொல்வதற்கு முடிவில் எவ்வளவு எடை இருக்கிறது?

கேள்வி எழுதியவர்: புன்செய் உழவன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டத்தின் வறண்ட பகுதியில், கிணற்றுப் பாசனத்தையும் ஆடுமாடுகளையும் நம்பி வாழும் சிற்றூர். ஊருக்கு மேற்கே ஏற்கெனவே இயங்கிவரும் ஒரு குவாரியை ஒட்டி, மேலும் இரண்டு சாதாரண கல் மற்றும் கிராவல் குவாரிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் இவற்றின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டுவதால், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னர் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதற்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவிப்பு சென்ற வாரம் நாளிதழில் வெளிவந்துவிட்டது.

ஊரில் கருத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது, கூட்டம் வெறும் சடங்கு, ஆகவே ஒருவரும் போகாமல் புறக்கணிப்பதே சரியான எதிர்ப்பு என்று பெரியவர்களில் பலர் சொல்கிறார்கள். திரளாகச் சென்று கூட்டத்தையே நடக்கவிடக் கூடாது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. வீடு கட்ட எங்களுக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் வேண்டும்; வளர்ச்சியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இப்போதுள்ள ஒரு குவாரிக்கே, வெடி வைக்கும் நேரத்தில் தோட்டத்து வீடுகளின் சுவர்களில் விரிசல் விடுகிறது; தை மாதத்தில் முருங்கை இலையைத் தொட்டால் கையில் வெள்ளையாகத் தூசி ஒட்டுகிறது; சித்திரை வரை தண்ணீர் நின்ற கிணறுகள் மாசி முடிவதற்குள் அடி தெரிய வற்றிவிடுகின்றன.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் இருப்பது சில பக்கச் சுருக்கம் மட்டுமே. இந்நிலையில் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: நாங்கள் பேசுவதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு உண்டு, எப்படித் தயாராகிச் சென்றால் அந்தப் பேச்சு முடிவைத் தொடும், கிராம சபைத் தீர்மானம் இதற்கு எந்த அளவு துணை நிற்கும்?

பதில் 1: மண்ணும் சட்டமும்

வணக்கம் ஐயா. சுற்றுச்சூழல் வழக்குகளில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருபவன் என்ற முறையில், கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கருத்துக்கேட்புக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பெரும்பான்மையோர் எதிர்த்தால் திட்டம் கைவிடப்பட வேண்டும் என்று எங்கும் இல்லை. கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகைகூடத் தேவையில்லை என்று அதே அறிவிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே புறக்கணிப்பு என்பது, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், 'ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை' என்ற ஒரு வரியாகத்தான் கோப்பில் போய்ச் சேரும். கூட்டத்தை நடக்கவிடாமல் தடுப்பதும் பெரும்பாலும் நீடித்த பயன் தருவதில்லை. மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையோடு வேறொரு தேதி அறிவிக்கப்படும், அந்த இடைவெளியில் உங்கள் ஊரின் ஒற்றுமை கலைந்திருக்கும்.

அப்படியானால் கூட்டத்துக்கு என்ன மதிப்பு? அதன் மதிப்பு முழுவதும் பதிவில் இருக்கிறது. கூட்டத்தில் எழுப்பப்பட்ட ஒவ்வொரு கவலைக்கும் விண்ணப்பதாரர் பதில் தர வேண்டும். அதற்கேற்ப அறிக்கையையும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தையும் திருத்த வேண்டும். விண்ணப்பத்தை ஆராயும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு அந்தப் பதிவை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், பின்னர் கொடுக்கப்படும் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில், அதாவது சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான சிறப்புத் தீர்ப்பாயத்தில், எதிர்க்க முடியும். சத்தீஸ்கர் மாநிலம் ராய்கர் மாவட்டத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காக 2008 ஜனவரியில் குழப்பத்துக்கும் காவல்துறையின் பலப்பிரயோகத்துக்கும் நடுவே நடத்தி முடிக்கப்பட்ட கூட்டத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூட்டமாகவே ஏற்கவில்லை. 2012 ஏப்ரலில் அந்தச் சுரங்கத்தின் அனுமதியை ரத்து செய்தது.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படித்து முடிக்க வேண்டும் என்று மலைக்காதீர்கள். முதலில் தேட வேண்டியது, ஆய்வு எல்லை வரையறைக் கடிதம். மதிப்பீட்டு அறிக்கையில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்று, சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் மாநில ஆணையம் விண்ணப்பதாரருக்குக் கொடுக்கும் கட்டளைக் கடிதம் அது. அறிக்கையின் தொடக்கத்திலோ பின்னிணைப்பிலோ இருக்கும், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் கிடைக்கும். தமிழ்நாட்டில் கல்குவாரிகளுக்கு வழங்கப்படும் இத்தகைய கடிதங்களில் வழக்கமாக இரண்டு கட்டளைகள் இருக்கும். குவாரி எல்லையிலிருந்து 50, 100, 200, 300, 500 மீட்டர் தொலைவுகளுக்குள் உள்ள கட்டடங்கள் எத்தனை, அவற்றில் யார் குடியிருக்கிறார்கள், அவை ஓட்டு வீடா மாடி வீடா என்பதைப் பட்டியலிட வேண்டும் என்பது ஒன்று. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள திறந்த கிணறுகள், ஆழ்குழாய்க் கிணறுகள், குளம், ஓடை ஆகியவற்றைக் கணக்கெடுத்து நிலத்தடி நீர் ஆய்வு செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. கடிதத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்த பல அறிக்கைகளில் மிகவும் பலவீனமாக இருந்தவை இந்த இரண்டு பகுதிகள்தாம்.

அடுத்து, அந்தக் கணக்கெடுப்பை நீங்களே செய்யுங்கள். ஊர்ப் பிள்ளைகளில் கைபேசியைக் கையாளத் தெரிந்த நான்கைந்து பேர் போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் கிணற்றுக்கும் புல எண், உரிமையாளர், கிணற்றின் ஆழம், இப்போது நீர் நிற்கும் மட்டம், எந்த மாதத்தில் வற்றுகிறது, சுவரில் விரிசல் எந்தப் பக்கத்தில், இருப்பிடக் குறியீட்டோடு கூடிய படம் என ஒரு ஏட்டில் வரிசையாக எழுதுங்கள். அறிக்கை பன்னிரண்டு கிணறு என்று சொல்லும் இடத்தில் நீங்கள் நாற்பது கிணற்றைப் புல எண்ணோடு காட்டினால், அதற்கு விண்ணப்பதாரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். 'எங்கள் வாழ்வாதாரம் அழிகிறது' என்ற முழக்கத்துக்கு, 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடுவார்கள்.

தோட்டத்து வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959இன்படி குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது. ஆனால் அந்த விதி, வருவாய்ப் பதிவேட்டில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ உள்ள இடத்தையும், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவையும்தான் குடியிருப்பு என்று கொள்கிறது. கொங்குப் பகுதியில் விளைநிலங்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களின் தோட்டத்து வீடுகள் பல, புன்செய் என்று பதிவான நிலத்தில் இருப்பதால் இந்தக் கணக்கில் வராமல் போய்விடுகின்றன. கிராம நிர்வாக அலுவலர் '300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை' என்று சான்றளித்திருந்தால், அது எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்று கூட்டத்திலேயே கேளுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்துக் கொடுங்கள்.

கூட்ட நாளன்று ஒருவர் ஒரு பொருளை மட்டும் எடுத்துப் பேசட்டும். பேசியதையே எழுத்திலும் கொடுத்து ஒப்புகை பெறட்டும். நிகழ்ச்சி முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில், பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைக் கூடியிருப்பவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டி, தலைமை வகிக்கும் ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ அன்றே கையொப்பமிட வேண்டும். பலரும் தம் பேச்சு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சுருக்கம் படிக்கப்படும் வரை இருங்கள். விடுபட்டதை அங்கேயே சொல்லிச் சேர்க்க வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பள்ளிக்குச் சுற்றுச்சுவர், கோயிலுக்கு மண்டபம் என்று கேட்டு மேடைக்கு வருபவர்களும் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, தேவை உண்மையானது. ஆனால் அத்தகைய கோரிக்கைகள் பெருகப் பெருக, கூட்டத்தின் பதிவு 'மக்கள் திட்டத்தை வரவேற்று நலப்பணிகளைக் கோரினர்' என்று மாறிவிடும் என்பதை ஊரில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பதில் 2: நெய்தல் கரையாள்

மேலே உள்ள பதில் மிகவும் பயனுள்ளது. யார் பேசுகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் நான் சேர்க்க விரும்புகிறேன். நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் ஊர்களில், கடற்கரையில் எங்கே எதை அனுமதிக்கலாம் என்று வகுக்கும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடங்களுக்கான கூட்டங்கள் நடந்தபோது கற்றுக்கொண்டவை இவை.

வரைபடத்தைப் பார்த்தபோது எங்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு அக்கா விரலை வைத்து, இது நம் கோயில், இது ஐஸ் கம்பெனி, இந்த இடத்தில்தானே கருவாடு காயப் போடுகிறோம், அது ஏன் வெறும் மணலாக இருக்கிறது என்று கேட்டார். வலை உலர்த்தும் இடம், படகை இழுத்து நிறுத்தும் கரை, கருவாட்டுக் களம் ஆகிய எதற்கும் பட்டா கிடையாது. எல்லோருக்கும் பொதுவான புறம்போக்கு. வெளியிலிருந்து வருபவர் வரையும் படத்தில் அவை காலியிடமாகவே தெரியும். காலியிடம் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், நாளை வேறு எதையாவது கொண்டுவர அதுவே வாசலாகிவிடும். மீனவர் குடியிருப்புகளையும் இந்தப் பொது இடங்களையும் உள்ளூர் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள். இருந்தும், அவற்றைத் தினமும் பயன்படுத்தும் பெண்கள் வாய் திறந்து கேட்ட பிறகே அவை பேச்சுக்கு வந்தன.

உங்கள் ஊரிலும் இதையே பாருங்கள். கிணறு நிலம் வைத்திருப்பவருடையது, அவர் பேசுவார். ஆடு மேய்ப்பவர், சீமாறு வெட்டுபவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், குவாரி வழியாகப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் ஆகியோர் பெயரில் புல எண் எதுவும் இருக்காது. மேய்ச்சல் தரை எங்கே, மழைநீர் ஓடை எந்த வழியாகக் குட்டைக்குப் போகிறது, டிப்பர் லாரி வரும் வண்டிப்பாதையில் எந்த நேரம் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். எனவே கூட்டத்துக்கு முன்பே மகளிர் குழுக்களின் வாராந்திரக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தரையில் கோலமாவால் ஊரை வரைந்து, ஒவ்வொருவரும் தாம் போகும் வழியைக் குறித்தால், ஒரு மணி நேரத்தில் எந்த அறிக்கையிலும் இல்லாத படம் கிடைத்துவிடும். அதைப் படமெடுத்துக் கோரிக்கையோடு இணையுங்கள்.

இடத்தையும் கவனியுங்கள். கூட்டம் திட்டப் பகுதியிலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும் என்பது விதி. தொலைவிலுள்ள திருமண மண்டபம் ஒன்றில், வேலைநாளின் காலையில் வைத்தால், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர்கள் வரமாட்டார்கள். இடம் தொலைவாக இருந்தால் இன்றே ஆட்சியருக்கும் வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் எழுதிக் கேளுங்கள். பெண்கள் பேசத் தொடங்கியதும் நேரமாகிவிட்டது என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது. ஆகவே பேசுபவர் வரிசையில் பெண்களை முதலிலேயே நிறுத்தினோம்.

பதில் 3: ஊர்மன்றம்

நண்பர்கள் இருவரும் சொன்னதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தையே முதன்மைக் களமாகக் கொள்ளும் முதல் பதிலின் முன்முடிவை நான் ஏற்கவில்லை. இடம், அளவு, ஆழம் எல்லாம் தீர்மானமாகி, அறிக்கையும் எழுதி முடிந்த பிறகு நடப்பதே கருத்துக்கேட்பு. ஆய்வின் எல்லையை வரையறுக்கும் கட்டத்தில் ஊரை யாரும் கேட்பதில்லை. 1992இல் ரியோவில் உலக நாடுகள் ஏற்ற பிரகடனத்தின் 10ஆம் கொள்கை, தகவலை அறியும் வாய்ப்பு, முடிவெடுப்பதில் பங்கேற்கும் வாய்ப்பு, நீதியை நாடும் வாய்ப்பு ஆகிய மூன்றும் குடிமக்களுக்கு வேண்டும் என்கிறது. நம் கருத்துக்கேட்பில் இரண்டாவது பகுதி, முடிவெடுத்த பின் விளக்கம் சொல்வதாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கிய வாய்ப்பையும் குறைக்கும் முயற்சி தொடர்கிறது. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளைக் கருத்துக்கேட்பு தேவைப்படாத பிரிவுக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு வெளியான புதிய அறிவிக்கையின் வரைவு, 30 நாள் முன்னறிவிப்பை 20 நாளாக்க முன்மொழிந்தது. அந்த வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆகவே ஊர் தன் முடிவைத் தானே முதலில் எடுத்து வைக்க வேண்டும். அதற்கான மன்றம் கிராம சபை. மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதி அரிட்டாபட்டியில் இருக்கிறது. அதை உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நிலத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்காக மத்திய அரசு ஏலம் விட்டு, 2024 நவம்பரில் ஏலம் எடுத்தவரையும் அறிவித்தது. கருத்துக்கேட்பு என்ற கட்டம் வெகு தொலைவில் இருந்தது. அதுவரை ஊர்கள் காத்திருக்கவில்லை. அந்த மாதமே கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் மக்கள் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணியாகச் சென்றார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

கிராம சபைத் தீர்மானம் எல்லா இடத்திலும் ஒரே எடை கொண்டதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரியில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி 12 கிராம சபைகள் கூட்டப்பட்டன, டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் சபைகள் உட்படப் பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது. அங்கே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் துணை இருந்தது. பட்டா நிலத்தில் வரும் கல்குவாரிக்கு அத்தகைய சட்ட பலம் இல்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் கிராம சபைகளில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. இருந்தாலும், முறையாக நிறைவேறிய தீர்மானம் மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முறையாக என்றால், குறைவெண் வருகை இருக்க வேண்டும்: 500 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆண்டுக்கு ஆறு வழக்கமான சபைகள் உள்ளன. அவற்றில் ஒன்று உங்கள் கூட்டத் தேதிக்கு முன்னால் வராவிட்டால் சிறப்புக் கிராம சபை கூட்டுமாறு எழுத்தில் கேளுங்கள். 'குவாரியை எதிர்க்கிறோம்' என்று ஒரு வரி எழுதி நிறுத்தாமல், நீங்கள் எடுத்த கிணற்றுக் கணக்கைத் தீர்மானத்தின் பகுதியாகவே சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

மறுமொழி: புன்செய் உழவன்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு ஊர்ப் பொது மேடையில் இவற்றைப் படித்துக் காட்டினேன். புறக்கணிக்க வேண்டும் என்று சொன்ன பெரியவர் ஒருவரே, 1980களில் கிணறு வெட்டிய ஆட்களைத் தமக்குத் தெரியும், எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் பாறை தட்டியது என்று சொல்வேன் என்றார். கணக்கெடுப்பு ஞாயிறு தொடங்குகிறது. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. ஊரில் பாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனி வேலையாகத் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்களால் அன்று வர முடியாது. இன்னொன்று, எல்லாம் செய்தும் அனுமதி கொடுத்துவிட்டால் அதன் பிறகு எங்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: மண்ணும் சட்டமும்

வர முடியாதவர்கள் கூட்டத் தேதிக்கு முன்பே வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். ஒரே கடிதத்தை நூறு பேர் கையொப்பமிட்டு அனுப்புவதைவிட, ஒவ்வொரு குடும்பமும் தன் கிணற்றையும் வீட்டையும் பற்றித் தனித்தனியாக எழுதுவது மேல். நூறு பேரின் ஒரே கடிதத்தை ஒரு கருத்தாகவே எண்ணுவார்கள். பெரியவர் சொல்லும் பாறை ஆழத்தை அவர் பெயரிலேயே எழுதி வாங்கி, கிணற்றுப் புல எண்ணோடு இணையுங்கள். நிலத்தடி நீர் ஆய்வைக் கேள்வி கேட்க அதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ஊர்மன்றம் அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கூட்டம் தாமதமாகவே வருகிறது. அதனாலேயே கிராம சபைத் தீர்மானத்தை முதலில் முடித்து, அதன் நகலைக் கூட்டத்திலும் கொடுத்து, சென்னையிலுள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால், விண்ணப்பதாரர் அதை ஏழு நாட்களுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். ஊராட்சிக்கும் நகல் தர வேண்டும், ஊராட்சி அதை 30 நாட்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்தான் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம், அதற்குப் பின் கதவு அடைபடும். ஆகவே பரிவேஷ் தளத்தில் உங்கள் கோப்பின் எண்ணை வைத்து வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை இப்போதே இருவரிடம் ஒப்படையுங்கள்.

மேல்முறையீடு செய்யாவிட்டாலும் அனுமதியின் நிபந்தனைகள் உங்களுக்குப் பயன்படும். வெடி வைக்கும் நேரம், தூசியைக் கட்டுப்படுத்தத் தண்ணீர் தெளித்தல், பசுமை வளையம், கிணற்று நீர்மட்டக் கண்காணிப்பு போன்றவற்றை எண்ணிக்கையோடும் செலவுத் தொகையோடும் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்திலேயே கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையை உரிமையாளர் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொடங்கும் ஏட்டை அதே இரண்டு மாதங்களிலும் புதுப்பித்துவந்தால், அவர்கள் எழுதும் நீர்மட்டத்தையும் உங்கள் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டுப் புகார் கொடுக்க முடியும். ஆய்வு எல்லை வரையறைக் கடிதம் கிடைத்ததும் இங்கே பதிவிடுங்கள். எந்தப் பக்கத்தை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.